மற்றவை

"இந்த மாசத்தோட நின்னு போகும்னா போட்ருக்காக பாப்பா?"

பாண்டிச்செல்வியின் முகம் வாடியதைப் பார்த்ததும், சேதியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமோ என்று பிரீத்திகாவுக்குத் தோன்றியது. சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்பவள் அவள். சீசன் நேரம், தலைக்கு மேல் வேலை. போன வாரம்தான் பைண்டிங் பிரிவில் சேர்ந்த பாண்டிச்செல்வி, சாப்பாட்டு நேரத்தில் செல்போனை நீட்டி, இங்கிலீஷில் ஏதோ வந்திருக்கிறது என்று வந்து நின்றாள்.

அவள் கணவன் பெயர் ஊர்க்காவலன். அவன் வேலை பார்க்கும் நாட்டில், வீடியோ கால்களை அரசாங்கமே தடுத்து வைத்திருக்கிறது. அந்தத் தடையைத் தாண்டிப் பேச ஒரு செயலி இருந்தது. அதற்கு வேறொரு நாட்டு அரசாங்கம் நிதி கொடுத்து வந்தது. அந்த நிதிதான் நிற்கப்போகிறது. செயலி தொடர்ந்து வேண்டுமென்கிறவர்கள், எதற்கு வேண்டும் என்று ஒரு படிவத்தில் எழுதிக் கேட்கலாம்.

"ஒரு கவர்மெண்டு பூட்டுது, இன்னொண்ணு காசு குடுத்துத் தெறக்குதாக்கும். நம்ம யாரு எவருன்னே தெரியாதே, நமக்கு எதுக்குச் செய்யிறாக?"

"நமக்காக இல்லக்கா. சில நாட்டுல செய்தி படிக்க விட மாட்டாங்க, வாயத் தெறந்தா ஜெயில்ல போடுவாங்க. அந்த மாதிரி ஆளுங்களுக்காகச் செஞ்சது. நாம அதுல ஓரமா ஏறிக்கிட்டோம்."

பிரீத்திகா தன் கம்ப்யூட்டரில் படிவத்தைத் திறந்தாள். மூன்று கட்டங்கள்: பேச்சுரிமை, செய்தி, மற்றவை. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வதைப் பேச்சுரிமை என்று போட அவளுக்கு மனம் வரவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதுகிறவர்களின் வரிசையில் குறுக்கே புகுந்த மாதிரி இருக்கும். 'மற்றவை'யில் டிக் போட்டு, அதைப் பாண்டிச்செல்வியிடம் சொன்னாள்.

"அப்படிப் போட்டா நம்மளக் கடைசில தள்ளிருவாகளா பாப்பா?"

"தள்ளலாம். ஏங்க்கா, சாதாரண போன்ல பேசலாமே? அத யாரும் தடுக்கலையே."

"அது அவுகளுக்கு ஒத்து வராது. மொகம் பாத்தாத்தான் பேச்சு."

"அம்புட்டுப் பிரியமா?"

பாண்டிச்செல்வி வெட்கத்தோடு சிரித்தாள். "பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாக. போன மாசம் கையில அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தாக. அப்பத்தான் பேச்சே இல்லாமக் கெடந்தாக."

வலி வந்தால் யாருக்குத்தான் பேசத் தோன்றும் என்று நினைத்துக்கொண்டாள் பிரீத்திகா.

"முன்னாடி இங்க என்ன வேலை பாத்தாரு?"

"ஏழாயிரம்பண்ணைல பட்டாசுக் கம்பெனில லோடு ஏத்துவாக. பக்கத்துல சரவெடி வெடிச்சாலும் திரும்பிப் பாக்க மாட்டாக."

"பெரிய தைரியசாலிதான்."

"எனக்குத்தான் பயம். அந்த வேலையே வேணாம்னு நாந்தான் வெளிநாட்டுக்கு அனுப்பினேன்."

"மெசேஜ் எழுதி அனுப்பலாமேக்கா?"

"ரெண்டு பேருக்கும் எழுத்து வராது பாப்பா. திரும்பி வர இன்னும் ஒண்ணரை வருசம் கெடக்கு. அங்கன அவுக பேச்சு புரியிற ஆளு ஒருத்தருங் கெடயாது. ஒரு வார்த்த பேசாம எப்படி இருப்பாக?"

பாஷை தெரியாத ஊரில் தனியாள், பாவம்தான். ஆனாலும் இதையெல்லாம் படித்து எந்த அரசாங்கம் மனம் இரங்கப்போகிறது? பிரீத்திகா படிவத்தை அனுப்பப் போனாள்.

அதற்குள் பாண்டிச்செல்வியின் செல்போன் அடித்தது. "அவுகதான்!" என்றவள், கையில் ஒட்டியிருந்த பசையை அவசரமாகச் சேலையில் துடைத்தாள். போனைக் காலண்டர் கட்டின் மேல் சாய்த்து நிறுத்திவிட்டு, வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தினாள். விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டு மீண்டன. திரையில் ஊர்க்காவலனின் விரல்கள் அதைவிட வேகமாகப் பதில் சொல்லின. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

காது கேளாத, வாய் பேசாத அந்த மனிதர் பேசி முடிக்கும்வரை காத்திருந்த பிரீத்திகா, 'மற்றவை'யில் போட்டிருந்த டிக்கை எடுத்து, 'பேச்சுரிமை'யில் வைத்தாள்.