ஏத்திவிட்டவர்

ஷிப்மெண்டுக்கு நாலே நாள். ஐம்பத்தைந்து வயது டெய்லர் அமராவதி, "நாளையிலிருந்து வரமாட்டேனுங்க, சொந்தமா யூனிட் போடறேன்" என்றதும் பனியன் கம்பெனி முதலாளி சாமியப்பனுக்குத் தலை சூடேறியது.

"இந்த வயசுலயா? உங்களை எவன் ஏத்திவிட்டது?"

"நீங்கதானுங்க. 'அக்கா, உங்க கைத்தொழிலுக்கு நீங்களே முதலாளி ஆகலாம்'னு ஓவர்டைம் கேக்கறப்பல்லாம் சொல்லுவீங்களே! அதுலதான் தைரியம் வந்துச்சு."

சாமியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட, வேலை நடக்கோணும்னு எல்லார்கிட்டயும் சொல்றதுங்கக்கா அது!"

"தெரியுமுங்க."

அவர் முதுகுக்குப் பின்னால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மீதிப் பதினோரு டெய்லர்களும் டிபன் பையோடு எழுந்து நின்றார்கள்.

"அதனாலதான் எல்லாருஞ் சேந்தே போடறோமுங்க."