வலது பாதத்தின் நகம்

ஸ்பிங்க்ஸ் சிலையின் வலது சிங்கப்பாதத்தில் தேய்ந்துபோன நான்கு நகங்களையும் புதுக்கல்லில் செதுக்கிப் பொருத்துவது மித்வல்லி மேஸ்திரியின் வேலை. முதல் நகத்தை மூன்று முறை பொருத்தினார். மூன்று முறையும் காலையில் அது கீழே கிடந்தது. ஒட்டும் கலவையில் குறையில்லை.

“இதுக்குப் புடிக்கல மேஸ்திரி, விட்டுத் தொலைங்க,” என்றான் கூட வேலை செய்யும் ஷஹாத்தா.

“புடிக்கிறவரைக்கும் நான் விடமாட்டேன்டா.”

வீட்டுப் பூனையின் பாதத்தை அமுக்கி, நகம் வெளியே நீள்வதைப் பார்த்துவிட்டு வந்து, இம்முறை வளைவாக, கூராகச் செதுக்கினார். நகம் நின்றது.

மறுநாள் காலையில், பாதத்துக்கு முன்னால் பாறைத்தரையில் ஆள் நீளத்துக்குப் புதிதாக ஒரு கீறல் இருந்தது. மேஸ்திரி அதில் விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

“போதும் மேஸ்திரி,” என்றான் ஷஹாத்தா.

“இன்னும் மூணு இருக்குடா,” என்று இரண்டாவது கல்லை எடுத்தார்.