உள்ளது உள்ளபடி

"மூணு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க. இன்னா கொறைன்னு இன்னைக்கு எம் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க மேடம்!"

தங்கதுரை கையிலிருந்த தாளை மேசைமேல் அறைந்தார்.

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடி அறை அது. கீழே கூடத்தில் படங்களை மாட்ட ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் புகைப்படக் கண்காட்சி. இங்கே தேறுகிற படங்கள் சென்னைக்குப் போகும். படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அதை ஏன் எடுத்தோம், அதில் என்ன சொல்ல வருகிறோம் என்று எடுத்தவரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். 'ஸ்டேட்மென்ட்' என்றார்கள். அந்த ஒரு பக்கம்தான் கொஞ்ச நாளாகத் தங்கதுரையின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

அவர் என்ன நேற்றுக் கேமரா வாங்கியவரா? ஊரில் பாதிக் கல்யாணம் அவர் ஸ்டூடியோ எடுத்ததுதான். ஆனால் அவர் பேரை வெளியூருக்குக் கொண்டுபோனது ஒரே படம். கல்வராயன் மலையில், கிழிந்த பாவாடையும் பரட்டைத் தலையுமாக, கன்னத்தில் கண்ணீர் காயாமல் நிற்கிற ஒரு சிறுமி. காலண்டரில் வந்தது, பத்திரிகை அட்டையில் வந்தது, டெல்லியில் பரிசு வாங்கியது. போன இடமெல்லாம் அந்தப் படம் பிறந்த கதையைச் சொல்லிச் சொல்லி அவருக்கே மனப்பாடம். அதைப் போய், தேர்வுக் குழுவில் இருக்கிற ஒரு கல்லூரி வாத்தியாரம்மா சிவப்பு மையால் கோடு போட்டு அனுப்பினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அந்த வாத்தியாரம்மா, ராஜாம்பாள், அவர் சத்தத்துக்கு அசையவில்லை.

"உட்காருங்க சார்" என்று தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தாள். "'நான் எதையும் மாற்றவில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்தேன்.' இந்த வரி வேண்டாம்னுதான் சொல்லியிருந்தேன். மறுபடியும் அப்படியே வெச்சிருக்கீங்க."

"அதுதான் மேடம் படத்துக்கு உயிரே! அதை எடுத்துட்டா அப்பறம் இன்னா இருக்குது?"

"சரி, அடுத்தது. 'பள்ளிக்கூடத்தின் நிழல்கூடப் படாதவள்.' இது எப்படித் தெரியும்?"

"அந்தத் துணியைப் பாருங்க மேடம்! பள்ளிக்கூடம் போற புள்ளையா அது?"

"'பசியின் கண்ணீர்'னு எழுதியிருக்கீங்க. பசிக்குதுன்னு அவ சொன்னாளா?"

"சொன்னாத்தானா? பாத்தாலே தெரியலை?"

"பேராவது கேட்டீங்களா?"

"பேரு எதுக்குங்க? அது ஒரு பொண்ணா? அந்த மலையே அங்க நின்னு அழுவுது!"

இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போனது. தாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார்.

"மலைக்கு ஏற்கெனவே பேர் இருக்கு சார். நான் கேட்டது அந்தப் பொண்ணோட பேரை."

தங்கதுரைக்குச் சுரீரென்று ஏறியது.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நீங்க ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு செவப்பு மை போடறீங்க. அப்பல்லாம் வெள்ளிமலைக்கு அந்தாண்ட பஸ்ஸே கெடையாது. கேமராப் பொட்டியைத் தோள்ல மாட்டிக்கினு, முள்ளுல கிழிபட்டுக்கினு நடந்தே போனவன் நான். அந்த சனங்க கஷ்டம் இன்னான்னு தெரியுமா உங்களுக்கு? ஒரு தடவையாவது மலை ஏறியிருக்கீங்களா?"

ராஜாம்பாள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாலையில் ஒரு கரும்பு லாரி வழி கிடைக்காமல் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தது. வாத்தியாரம்மாவுக்கு வாய் அடைத்துவிட்டது என்று அவருக்குத் தெம்பு வந்தது.

"கடைசி வரியைப் படிங்க. படிச்சா நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவீங்க."

அவள் நிதானமாகப் படித்தாள். "'இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட அந்த முகத்தை நான் மறந்ததில்லை. ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் அவளைக் கண்டுகொள்வேன்.'"

பிறகு நிமிர்ந்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரையே நேராகப் பார்த்தாள்.

"நெசமாவா சார்?"

"சத்தியமா!" அவர் மேசையைத் தட்டினார். "இப்பக்கூட கண்ணை மூடினா அந்த மூஞ்சிதான் வந்து நிக்குது. அவ எங்கனா இருந்தா இட்டாந்து கேளுங்க. இதுல ஒரு எழுத்து பொய்யின்னு அவ சொல்லட்டும், படத்தை நானே கழட்டிக்கினு போயிடறேன்!"

ராஜாம்பாள் பேனாவை மூடினாள். அதுவரை வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் இருந்த குரல் மாறியது. பேச்சும் ஊர்ப் பேச்சாகிவிட்டது.

"பள்ளிக்கூட யூனிபாரத்தைப் போட்டுக்கினு, ரெட்டைச் சடைக்கு ரிப்பன் கட்டிக்கினு, போட்டோ புடிக்கறாங்கன்னு ஆசையா ஓடியாந்தேன். 'இது வாணாம், வூட்டுல கிழிஞ்சது எதனா இருந்தா மாத்திக்கினு, தலையைக் கலைச்சிட்டு வா'ன்னு அத்தினி பேரு முன்னாடி என்னை வெரட்டினீங்களே சார், அதுக்குத்தான் அழுதேன்!"