இந்த வருஷமும் அதே கம்பெனியா?

சிறந்த வீடியோ கேமுக்கான விருது விழாவுக்குக் கிளம்பிய கணவன், டையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான்.

"எதுக்கு இவ்வளவு பதற்றம்?" என்று மனைவி அவனுடைய காலரைச் சரிசெய்தாள்.

"இந்த விருதோட சரித்திரம் உனக்குத் தெரியாதா? ஆரம்பிச்ச வருஷத்துலேருந்து ஒரே கம்பெனிதான் வாங்கிட்டிருக்கு. வேற யாருக்கும் போனதே இல்ல."

"சரித்திரம்னா ஒரு நாள் மாறத்தான் செய்யும். இந்த வருஷம் மாறும், பாருங்க."

"அடேயப்பா, அவ்வளவு நம்பிக்கையா?"

"ராப்பகலா பட்ட பாடு வீண் போகாதுங்க. கிளம்புங்க."

அரங்கின் முதல் வரிசையில் அவன் மறுபடியும் டையைத் தளர்த்தினான். அவள் அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மேடையில் அறிவிப்பாளர் உறையைப் பிரித்தார். "முதல்முறையாக ஒரு சின்ன கம்பெனி! மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய கேம் விருதைத் தட்டிச் செல்கிறது!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. மனைவி எழுந்து மிடுக்காக மேடையேறினாள். அது அவளுடைய கம்பெனி.

"வழக்கம்போல், போன வருடம் வென்ற கம்பெனியின் தலைமை வடிவமைப்பாளர் விருதை வழங்குவார்" என்றார் அறிவிப்பாளர்.

கணவன் எழுந்து போனான். கோப்பையை எடுத்து மனைவியிடம் நீட்டினான். அவள் பிடித்து இழுத்தும் அது அவன் கையை விட்டு வரவில்லை.

"விடுங்க, எல்லாரும் பார்க்கறாங்க" என்று கிசுகிசுத்தாள்.

"மன்னிச்சுக்கோம்மா, எட்டு வருஷப் பழக்கதோஷம்!" என்று சிரித்தபடி கையை எடுத்தவன், அரங்கில் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டத் தொடங்கினான்.