ஏழாம் இலக்கச் சீட்டு

1975 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை, பிற்பகல் நான்கு மணி. மெல்பேர்ணுக்கு வடக்கே இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள இச்சிற்றூரிலிருந்த முகாமை மூடி இராணுவம் வெளியேறி ஐந்து மாதங்கள் ஆகின்றன. டொக்டர் கேதீஸ்வரனின் காத்திருப்பு அறையில், சிப்பாய்களின் குடும்பங்கள் நிறைந்திருந்த முப்பது கதிரைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. குளிர்கால வெயில் அவற்றின் கால்களுக்கிடையே நீண்டு கிடக்கிறது. முகாமுக்குப் பாண் சுட்டுக் கொடுத்த திருமதி ஹேலி உள்ளே வருகிறார்; ஆணியில் தொங்கும் இலக்கச் சீட்டுகளில் முதல் ஆறைத் தள்ளி ஏழாவதை எடுக்கிறார்; கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்து அமர்கிறார். “உங்களுக்கு முன்னால் ஒருவருமில்லையே,” என்று டொக்டரின் மனைவி இரஞ்சிதம் ஆங்கிலத்தில் சொல்கிறாள். “எனக்கு அவசரமில்லை, அம்மணி.” உள்ளறையில் டொக்டரின் மேசைமேல், மெல்பேர்ண் புறநகரான ஸ்பிரிங்வேலிலிருந்து அவருக்கு வந்த வேலைக் கடிதம் விரிந்து கிடக்கிறது. இரஞ்சிதம் உள்ளே போய்க் கணவரிடம் சொல்கிறாள்: “இஞ்சருங்கோ, இண்டைக்குப் பதில் போடோணும். இவவுக்கு நோய் வருத்தம் ஒண்டுமில்லை.”

“ஓம். ஆறு பேர் போகுமட்டும் இருக்கலாமெண்டுதான் ஏழாம் நம்பர் எடுக்கிறா.”

இரஞ்சிதம் பேனையின் மூடியைத் திறந்து மூடுகிறாள். “அப்ப ஒண்டாம் நம்பரைக் கூப்பிடட்டோ?”

“கூப்பிடுமன்.”

வாசலில் நின்று அவள் ஒன்றிலிருந்து ஒவ்வோர் இலக்கமாக அழைக்கிறாள். ஒவ்வொரு முறையும் திருமதி ஹேலி முழங்கால்களை ஒதுக்கி வழிவிடுகிறார்.

செப்டெம்பர் முதல் குடும்பம் ஸ்பிரிங்வேலில் குடியிருப்பதென்றும், வியாழக்கிழமைதோறும் டொக்டர் இங்கு வந்து இவ்வறையைத் திறப்பதென்றும், கதிரைகளையோ சீட்டுகளையோ அகற்றுவதில்லை என்றும் அன்று மாலை முடிவாயிற்று.