வயிற்றுச் சூடு

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு அடைக்கோழியின் கதை சொல்கிறேன். வள்ளிமயிலின் கோழி அடையில் உட்கார்ந்து இருபது நாள். நாளைக்கோ மறுநாளோ குஞ்சு பொரிக்க வேண்டும். அன்று மத்தியானம் பார்த்தால் கூடையெல்லாம் பேன். கோழியைத் தூக்கிப் புருஷன் சுடலைமுத்துவின் மடியில் மல்லாத்தி இறகை விலக்கினாள். "ஐயோ, வயிறு முடியில்லாம செவந்து கிடக்கே! சொறிதான்" என்று சுடலைமுத்து கைநிறைய வேப்பெண்ணெயை அள்ளி அப்பிவிட்டார். "அட மனுசா! அடைக்கோழி வயிறு அப்படித்தான் இருக்கும். முட்டைக்குச் சூடு படணும்னு அதுவே பிடுங்கிப் போட்ட முடி. இந்த எண்ணெயோட போய் உட்கார்ந்தா உள்ள இருக்கிற குஞ்சு மூச்சுமுட்டிச் சாகுமே!" தலையிலடித்துக்கொண்டாள். துடைத்து முடிப்பதற்குள் முட்டை ஆறிவிடும். "படுங்க. எண்ணெய்க் கையைத் தலைக்கு மேல வைங்க." ஒன்பது முட்டையையும் அவர் தொப்பைமேல் அடுக்கிக் கம்பளியால் அணைகட்டி மூடினாள். பேன் அவர் நெஞ்சில் ஏறியது. "அரிக்குதுடி." "அசைஞ்சீங்க, தெரியும் சேதி." வெந்நீர்த் துணியும் சாம்பலுமாகத் துடைத்தாள், கோழிக்கும் திட்டு, புருஷனுக்கும் திட்டு. ஒருவழியாகக் கோழி உலர்ந்தது. வைக்கோலையும் மாற்றினாள். "போதும், எந்திரிங்க." சுடலைமுத்து அசையவில்லை. "சத்தம் போடாத" என்றார் மெதுவாக. "உள்ளேயிருந்து ஒண்ணு என்னைக் கொத்துது." கோழி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

உங்கள் வீட்டுக் கூடையிலும் ஒன்றுகூடக் கூமுட்டையாகாமல் எல்லாம் பொரியட்டும், கண்ணுகளா.