ஒரு மைலோ டின் மணல்

“அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஒடம்புக்கு ஆகாது,” என்ற தினேஸ்வரி, கதிர்வீச்சு அளக்கும் கருவியோடு வாசல் பூந்தொட்டியருகே குந்தினாள்.

கஸ்பார் நகர்ந்தார். 

பக்கத்தில் மூடிக்கிடக்கும் வெள்ளீயச் சுரங்கத்தின் கறுப்பு மணலில் கதிர்வீசும் தோரியம் உண்டு. அது வெளியே வந்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு முன் ஜெலாப்பாங் வட்டாரத்தில் அரசாங்க ஆட்கள் வீடு வீடாக அளந்தார்கள். கஸ்பார் வீட்டில் கருவி மூச்சுக்கூட விடவில்லை. தினேஸ்வரி ஒரு கோப்பி குடித்து, அரைமணி நேரம் பேசியிருந்துவிட்டு, “இனிமே வர வேலை இல்ல அங்கிள்,” என்று கிளம்பிப் போனாள்.

மனைவி டோரிஸ் போய் நாலு வருஷம். மகன் நைஜல் கடல்கடந்து பெர்த்தில். அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டு எத்தனை காலமாயிற்று! மறுநாளே மனுஷன் ஒரு மைலோ டின் நிறையக் கறுப்பு மணலை அள்ளிவந்து தொட்டியில் கொட்டினார். “எதுக்கும் திரும்ப வந்து பாருமா,” என்று போனும் போட்டார்.

கருவி கத்தோ கத்தென்று கத்தியது. அன்றிலிருந்து மாதம் தவறாமல் தினேஸ்வரி வருகிறாள்.

ஆனால் மனசாட்சி சும்மா விடுமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “எடுத்த எடத்துலயே போட்டுட்டு வாங்க,” என்றார் ஃபாதர். மறுநாள் போட்டுவிட்டார். இன்றைக்குக் கருவி கத்தாது. இனி அவளும் வரமாட்டாள்.

தொட்டிமேல் கருவி போனது. சத்தமில்லை.  தினேஸ்வரி சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து, மறுபடி குனிந்தாள். கருவி படபடவென்று கத்தியது.

“இன்னும் இருக்கு அங்கிள். அடுத்த மாசமும் வரணும்.”

கஸ்பாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்தான். பாவசங்கீர்த்தனம் செய்து மூன்று நாள்கூட ஆகவில்லையே.

“இல்லமா. நாந்தான் அந்த மணல அள்ளிப் போட்டேன், நீ வரணும்னு. திங்கக்கெழமையே எடுத்துட்டேன். இப்ப இருக்கறது கடையில வாங்குன மண்ணுலா.”

அவள் நிமிரவில்லை. மூடியிருந்த இடது கையை மெல்ல விரித்தாள். கருவி வேலை செய்கிறதா என்று தினமும் காலையில் சோதித்துப் பார்க்கிற, கதிர்வீசும் சின்ன வில்லை உள்ளங்கையில் இருந்தது.

“எனக்கும் பேச இந்த வீடு மட்டுந்தான் அங்கிள்.”